இசைத்தட்டும் ஏட்டுச்சுவடியும்

தேவாரத் திருப்பதிகங்கள் நம் கைக்கு எட்டிய வரலாற்றில் இரண்டு மீட்சிகள் உள. தில்லையிற் காப்பிடப்பட்டிருந்த ஏடுகளை இராசராச மன்னரும் நம்பியாண்டார் நம்பிகளும் கண்டெடுத்தமை ஒன்று. திருவெருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவர் வாயிலாக அப்பதிகங்களுக்குப் பண்முறை வகுக்கப்பெற்றமை மற்றொன்று. இவ்விரண்டனையும் திருமுறை கண்ட புராணம் எடுத்தோதும். எழுத்துக் கிடைத்த அளவில் நம்பிகள் அமைந்தாரல்லர். ஓசையும் கிடைத்தல் வேண்டுமென்றே முயன்றனர். இஃது ஈண்டு நாம் கருதற்குரியது.

அந்நாளில் ஓசையைக் காத்தது வழிவழி வந்த குரல் ஒன்றே. சென்ற நூற்றாண்டிலோ அப்பணியில் ஒரு பங்கினை இசைத்தட்டும் ஏற்றது. ஆண்டாள் அவதரித்த தலமெனப் பெயர்பெற்ற திருவில்லிபுத்தூரில், மடவார்வளாகம் வைத்தியநாதப் பெருமான் சந்நிதியைச் சூழ்ந்த சைவ மனைகளிலும், இராசபாளையத்தில் பெத்தவநல்லூர் மாயூரநாதப் பெருமான் திருக்கோயிலை அடுத்த மனைகளிலும், பழைய தட்டுக்கள் பரண்மேற் கிடத்தலை இன்றும் காணலாம். இளைஞர் சிலர் அவற்றை எடுத்துத் துடைத்துக் கணினியிற் பதிந்துவைக்கத் தொடங்கியுள்ளனர். நற்பணியே. ஆயின் அதன்கண் உள்ள நுட்பம் ஒன்றனை அறியாது செய்யின், காக்கப் புகுந்த பொருளே திரிந்துவிடும்.

அத்தட்டுக்களில் உறையும் குரல்கள் எளியன அல்ல. இராசபாளையத்திலிருந்து தென்காசி வழியாகச் செல்வோர் அடையும் செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, 1933-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். திரைப்படம் ஒன்றிலும் அவர் தோன்றிலர். ஆகலின் அவர் குரலுக்கு இசைத்தட்டே சான்று. கே. பி. சுந்தராம்பாள் 1935-லும், ஓதுவார் மரபில் வந்த எம். எம். தண்டபாணி தேசிகர் 1942-லும் திருநாளைப்போவாராகத் திரையில் நடித்துப் பாடினர். இத்தகையோர் பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுக்களே.

இனி நுட்பத்தைக் கூறுவாம். தாழ்ந்த ஒலியை உள்ளவாறே பொறித்தால், வெட்டும் ஊசி மிக அகலமாக அசையும். ஒரு வரி அடுத்த வரியை முட்டி உடைக்கும். அதனால் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே பொறிப்பர். மிக உயர்ந்த ஒலியோ தட்டின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும் இயல்பிற்று. அதனைப் பிற்காலத்தார் உயர்த்திப் பொறித்தனர். கேட்குங்காற் குறைத்ததைக் கூட்டியும் கூட்டியதைக் குறைத்தும் பழைய நிலைக்குக் கொணர்தலே ஈக்குவலைசேஷன் எனப்படும் ஒலிச்சமன் ஆகும்.

ஏடு பயின்றார்க்கு இது புதிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. இடின் ஓலை கிழியும் என்பர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஆண்டு விளங்காது. எழுதியவர் அறியாமையால் விட்டவை அல்ல இவை. பொருளின் இயல்பு நோக்கி வேண்டுமென்றே விட்டவை. மரபறிந்த ஆசிரியன் அவற்றை நிரப்பிப் படிப்பான். தட்டின் வரியும் அவ்வாறு புள்ளியிடாது எழுதிய ஏடே என்க.

ஆயின் எல்லா ஏட்டிற்கும் எழுத்து வழக்கு ஒன்றாகாதவாறு போல, எல்லாத் தட்டிற்கும் சமன்முறை ஒன்றன்று. 1925-இல் மின்முறைப் பதிவு தோன்றுமுன், பாடுவோர் கூம்புக்குழலின் முன்னின்று பாடினர். ஆண்டு மின்வழிச் சமன் என்பதே இல்லை. அதன்பின் நிறுவனந்தோறும் வழக்கு வேறுபட்டது. ஆங்கில நிறுவனங்கள் பல, நொடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் குறைத்து, உயர்ந்த ஒலியை உள்ளவாறே விட்டன. அமெரிக்கர் சிலர் உயர்ந்த ஒலியையும் கூட்டினர். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற் சங்கம் (ஆர்.ஐ.ஏ.ஏ.) 50, 500, 2122 என்னும் மூன்று அதிர்வெண்களை எல்லையாக வைத்து ஒரு பொதுமுறை வகுத்தது. பின்வந்த வினைல் நெடுந்தட்டுக்களுக்கு அதுவே உலகெங்கும் அளவுகோலாயிற்று.

இன்று விற்கும் இசைத்தட்டுக் கருவிகள் பல இப்பொதுமுறையினையே தம்முள் அமைத்துக்கொண்டவை. 1954-க்கு முற்பட்ட அரக்குத் தட்டினை அவற்றில் இட்டால் நேர்வது யாது? மேற்கூறிய ஆங்கில வழக்கிற் பொறித்த தட்டாயின், 1000 அதிர்வினை நடுநிலையாக வைத்து நோக்க, 5000 அதிர்வில் உள்ள ஒலி ஏறத்தாழ 8 டெசிபல் தாழும். அஃதாவது அதன் ஆற்றல் ஆறில் ஒரு பங்காய்ச் சுருங்கும். சகரத்தின் உராய்வொலி மழுங்கும், சொல் விளங்காது. அன்றி, 100 அதிர்வில் உள்ள ஒலியின் ஆற்றல் மும்மடங்காகும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி பாடுவோர் குரலை மூடும். கேட்போர் தட்டு தேய்ந்ததென்பர். பாடியவர்க்குச் சொற்றெளிவு இல்லை என்று கூறுவாரும் உளராவர். குற்றம் தட்டினதும் அன்று, பாடியவரதும் அன்று.

இச்சமன் பிழையால் பண் மாறுமோ எனின், மாறாது. சுரங்களின் இடைவெளியை அது தொடுவதில்லை. சுழற்சி விரைவு பிழைத்தால் சுருதி முழுதும் ஏறும் அல்லது இறங்கும். சமன் பிழைத்தால் குரலின் வண்ணமும் சொல்லின் தெளிவும் கெடும். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. பண் நின்றும் சொல் மங்குமாயின் திருப்பதிகத்திற்கு அது சிறு குறையன்று. ஓதுவார் மரபு சொற்றெளிவையும் பண்ணையும் ஒருங்கே போற்றுவதன்றோ!

ஆகவே செய்யத்தக்கது இது. அரக்குத் தட்டிற்கு உரிய பருத்த ஊசியைக் கொள்க. நெடுந்தட்டின் மெல்லிய ஊசி அதன் வரியின் அடியிற் சென்று உரசும். சமன் ஒன்றும் சேர்க்காது, வரியில் உள்ளவாறே ஒரு படியினை முதற்கண் எடுத்துத் திருத்தாது காக்க. அதன் பின்னரே மற்றொரு படியில், தட்டின் பெயர்த்தாளையும் அதனை அடுத்துப் பொறித்த எண்ணையும் நோக்கி, உரிய சமனைச் சேர்க்க. ஆடாசிட்டி முதலிய இலவச மென்பொருள்களில் பழைய வழக்குகளுக்கேற்பச் சமனை அமைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான நம் நாட்டுத் தட்டுக்கள் பல ஆங்கில நிறுவனத்தின் வழிப்பட்டன. ஆதலின் அவ்வழக்கினை முதலில் வைத்துப் பார்த்தல் தகும். முடிவு செவியினதாகுக. எம்முறை கொண்டோம் என்பதைப் படியுடன் எழுதிவைக்க.

இனிமை வேண்டித் தாழ்ந்த ஒலியை மேலும் கூட்டுவார் சிலர். அவர், பாடம் விளங்காவிடத்துத் தம் சொல்லைச் செருகிப் பதிப்பிப்பாரை ஒப்பர். நல்ல பதிப்பாசிரியன் மூலத்தைக் காட்டி, வேறுபாடத்தையும் காட்டி, தன் துணிபைத் தனியே வைப்பான். உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நெறியும் அதுவே. இசைத்தட்டிற்கும் அந்நெறியே நெறியாகும்.

அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். நம் பக்கத்து வெயிலில் வளையும். ஒருமுறை பிழையாகப் பதிந்துவிட்டுத் தட்டை எறிந்தால், அக்குரலை மீட்க மற்றோர் எருக்கத்தம்புலியூர் நமக்கு இல்லை. இதனை உள்ளத்துட் கொண்டு, தட்டுடைய அன்பரும் பதியும் இளைஞரும் கூடி இத்தொண்டினைப் பிழையறச் செய்வாராக. தமிழோடு இசைபாடல் மறவாத அடியார்க்குத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.