வண்ணக்குறி வகுத்த காட்டுவழி: ஃபோந்தேன்ப்ளோ முதல் வோஷ் மலை வரை

பிரான்சு, ஜெர்மனி நாட்டுக் காடுகளில் நடக்கப் போகிறவர் இன்று யாரிடமும் வழி கேட்பதில்லை. மரத்தண்டில் கண்மட்டத்தில் பூசியிருக்கும் சிவப்புப் பட்டையையோ நீல வட்டத்தையோ பார்த்துக்கொண்டே போகிறார். இரண்டு மூன்று மணி நேரத்தில் இடிந்த கோட்டை ஒன்றின் மதிலடியில் போய் நிற்கிறார். இந்த வழிகள் தொன்றுதொட்டு இருந்தவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். மாடு மேய்த்தவர்களும் விறகு வெட்டியவர்களும் கரிமூட்டம் போட்டவர்களும் நடந்து நடந்து உண்டான தடங்கள் காட்டில் ஏராளமாக இருந்தன என்பது மெய்தான். ஆனால் அவை வேலைக்குப் போன வழிகள். மலைமுகட்டோடு ஏறி, கோட்டைக்குக் கோட்டை தொட்டுச் செல்லும் தொடர் நடைவழி 19ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஒன்று. அதை உருவாக்கியவர்கள் யார், எந்தத் தேவையால் உருவாக்கினார்கள், எதைக் கருவியாகக் கொண்டார்கள் என்பதை இரண்டு காடுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோந்தேன்ப்ளோ காடு. மற்றொன்று பிரான்சும் ஜெர்மனியும் ஒட்டிக்கொள்ளும் வோஷ் மலைக்காடு.

அரசர்களின் வேட்டைக்காடும் பிரபுக்களின் கோட்டையும் பொதுமக்கள் கால்பதிக்கும் இடங்களாக மாறியதற்குச் சட்டங்களே காரணம் என்று எழுதுவது வழக்கம். காலவரிசையைப் பார்த்தால் சட்டம் கடைசியாகத்தான் வருகிறது. முதலில் வந்தவர்கள் ஒரு படைவீட்டுக் காவலர், ஒரு நீதிபதி, சில விடுதிக்காரர்கள், ஒரு பள்ளி ஆசிரியர். அவர்கள் கையில் இருந்தது தூரிகையும் சாயமும்.

வேட்டைக்காட்டுக்குள் ஒரு காவலர்

ஃபோந்தேன்ப்ளோ அரண்மனை 12ஆம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சு அரசர்களுக்கு உரியது. 1528 முதல் முதலாம் பிரான்சுவா அதை விரிவாகப் புதுக்கிக் கட்டினார். அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 17,000 ஹெக்டேர் காடு அரசரின் வேட்டைக்காகவே காக்கப்பட்டது. ஆகவே அங்கே போட்ட பாதைகளும் குதிரைக்கும் வேட்டைநாய்க்கும் ஏற்றவை: அகலமானவை, நேரானவை, பல திசைகளிலிருந்து வந்து ஒரே சந்தியில் கூடுபவை. சந்தியில் நின்றால் எந்தப் பக்கம் மான் ஓடினாலும் தெரியும். குதிரை ஏறமுடியாத மணற்பாறைக் குவியல்களையும் இடுக்குகளையும் அந்தப் பாதைகள் தொடவே இல்லை. பாறை உடைத்துப் பாரிசுத் தெருக்களுக்குத் தளக்கல் அனுப்பியவர்கள்தான் அந்தப் பக்கம் போனார்கள்.

1832இல் அந்த ஊர்ப் படைவீட்டின் காவலராக வந்து சேர்ந்தார் குளோத் பிரான்சுவா தெனெகூர். 1788இல் பிறந்த இவர் நெப்போலியனின் படையில் போரிட்டுக் காயம்பட்டவர். நெப்போலியன் 1814 ஏப்ரலில் முடி துறந்தது இதே அரண்மனையில் என்பதால் அந்த ஊர் தெனெகூருக்கு வெறும் வேலையிடமாக இருந்திருக்காது. குடியரசுப் பக்கம் சாய்ந்த கருத்துகளால் வேலை போயிற்று. மனம் கசந்துபோயிருந்த காலத்தில் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். 1839இல் காட்டைப் பற்றிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். 1842இல் தம் முதல் ஒற்றையடிப் பாதையை அமைத்தார்.

அவர் வேலை செய்த முறையைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வேட்டைப் பாதைகள் ஒதுக்கிவிட்ட பாறைக்காட்டையே அவர் தேர்ந்தெடுத்தார். புதரை வெட்டி, பாறைகளின் இடுக்கு வழியே வளைந்து வளைந்து ஒரு தடம் எடுத்தார். ஏறமுடியாத இடத்தில் கற்களைப் புரட்டிப் படியாக்கினார். வழி பிரியும் இடங்களில் மரத்திலும் பாறையிலும் நீலச் சாயத்தால் அம்புக்குறி வரைந்தார். பார்க்கத்தக்க பாறைக்கும் முதுமரத்துக்கும் பெயர் வைத்து, எழுத்தும் எண்ணும் இட்டு, அவற்றைத் தம் நூலில் விளக்கினார். கையில் நூல், மரத்தில் குறி. இவை இரண்டும் இருந்தால், வழித்துணைக்கு ஆள் அமர்த்தாமலேயே காட்டுக்குள் போய்த் திரும்பலாம். காட்டை அறியாத நகரவாசிக்கு இது முற்றிலும் புதிய விடுதலை. 1849இல் பாரிசிலிருந்து ரயில் வந்ததும், ஞாயிறு காலை புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் கூட்டம் பெருகிற்று. தம் கைப்பணத்தைப் போட்டு அவர் அமைத்த வழிகள் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 1875இல் அவர் இறந்தபின் சார்ல் கொலினே என்பவர் அப்பணியைத் தொடர்ந்தார்.

பாதையோரம் செயற்கைக் குகையும் ஊற்றும் அமைத்துக் காட்டை அவர் அலங்காரப் பொருளாக்கினார் என்ற குறை அன்றே எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் 1855இல் அவரைப் போற்றி வந்த தொகுப்பு நூலில் விக்டர் ஹூகோவும் போதலேரும் எழுதியிருக்கிறார்கள் என்பது, எழுத்துலகம் அவரை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைக் காட்டும். 1861இல் வெளியான அரசாணை அக்காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேரைக் கலைக்காக ஒதுக்கிக் காத்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு 11 ஆண்டுகள் முந்திய ஆணை இது. இதற்கான புகழை அக்காட்டை வரைந்த பார்பிசோன் ஊர் ஓவியர்களுக்கே வரலாறு கொடுத்திருக்கிறது. பாதியையாவது தெனெகூருக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஓவியத்தில் மட்டும் கண்ட காட்டுக்காகப் பாரிசு மக்கள் வாதாடியிருக்கமாட்டார்கள். அவர்கள் நடந்து பார்த்திருந்தார்கள்.

இடிந்த கோட்டைகள் நின்ற இடம்

வோஷ் மலையின் வடபகுதியும் அதன் தொடர்ச்சியாக ஜெர்மனிக்குள் நீளும் ஃபால்ஸ் காடும் செம்மணற்பாறை நிலம். பீச், ஓக், பைன் மரங்கள் அடர்ந்தவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில், ஹோஹென்ஸ்டாவ்ஃபென் பேரரசர்கள் காலத்தில், இங்கே கோட்டைகள் நெருக்கமாக எழுந்தன. கணவாய்களையும் வணிகப் பாதைகளையும் கண்காணிப்பதற்காக மலைமுகட்டுப் பாறைகளின் மேலேயே கட்டினார்கள். இங்கிலாந்து அரசர் ரிச்சர்டு 1193இல் சிறை வைக்கப்பட்ட டிரைஃபெல்ஸ் கோட்டை இவற்றுள் பெயர்பெற்றது. 1525இன் உழவர் எழுச்சியிலும், 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரிலும், அதன்பின் பதினான்காம் லூயியின் படையெடுப்புகளிலும் இவை ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

ஃப்ளெக்கென்ஸ்டைன் கோட்டையை எடுத்துக்கொள்வோம். கப்பலின் முன்பகுதிபோல் நீண்டுயர்ந்த ஒரே பாறை. அதன் உள்ளேயே படிக்கட்டு குடைந்திருக்கிறார்கள், அறை குடைந்திருக்கிறார்கள், மழைநீர்த் தொட்டி குடைந்திருக்கிறார்கள். மரத்தால் ஆன மேல்தளங்கள் போய்விட்டன. உத்தரம் செருகிய சதுரக் குழிகள் மட்டும் பாறைமுகத்தில் வரிசையாகத் தெரிகின்றன. 1680இல் பிரெஞ்சுப் படை இதை அழித்தது. அங்கிருந்து முகட்டோடு நடந்தால் லோவென்ஸ்டைன், ஹோஹென்பூர்க், பிறகு நாட்டெல்லையைக் கடந்ததும் வேகெல்ன்பூர்க் என மேலும் மூன்று கோட்டைகள் வந்துவிடும். ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில் நிற்கும் வேகெல்ன்பூர்க்தான் ஃபால்ஸ் பகுதிக் கோட்டைகளிலேயே உயரமானது. நான்கையும் ஒரே நாளில் நடந்து முடிக்கலாம்.

இடிபாடுகளின் மேல் பிறந்த மோகம் ரைன் ஆற்றங்கரையில் தொடங்கியது. 1827இலிருந்து மைன்ட்ஸுக்கும் கொலோனுக்கும் இடையே நீராவிக் கப்பல் ஒழுங்காக ஓடியது. கார்ல் பேடெக்கரின் வழிகாட்டி நூல்கள் பரவின. கல்லுடைப்பால் சரிந்துகொண்டிருந்த டிராகென்ஃபெல்ஸ் குன்றை 1836இல் பிரஷ்ய அரசே வாங்கிக் காத்தது. ஆனால் ரைன் கோட்டைகளைக் கப்பல் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்க முடிந்தது. வோஷ் கோட்டைகளுக்கு அந்த வசதி இல்லை. காட்டுக்குள் ஏறித்தான் தீரவேண்டும். நடைவழி இயக்கம் ரைன் கரையை விட்டுவிட்டு இம்மலைகளில் வேர்கொண்டதற்கு இதுவே முதன்மையான காரணம்.

சங்கங்களும் குறிகளும்

ஜெர்மன் நிலத்தின் முதல் நடைச்சங்கம் 1864இல் ஃப்ரைபூர்க் நகரில் தொடங்கியது. அந்நகரை ஒட்டிய கருங்காட்டை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்த எண்ணிய தொழில்முனைவோரும் விடுதிக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. இயற்கைப் பற்று பின்னால் வந்தது. விடுதியில் ஆள் தங்கவேண்டும் என்ற கவலை முன்னால் வந்தது. இதை மறைக்கவேண்டியதில்லை. வழிகள் நிலைத்ததற்கே அந்தப் பிழைப்புக் கவலை துணைநின்றது.

வோஷ் சங்கத்தின் பிறப்பு வேறு வகை. 1871இல் வோஷ் மலையை ஒட்டிய அல்சாஸ் பகுதியைப் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பறித்தது. மறு ஆண்டு அக்டோபர் 31 அன்று, சவேர்ன் நகரில், ரிச்சர்டு ஷ்டீவ என்ற நீதிபதி இச்சங்கத்தைத் தொடங்கினார். புதிதாக வந்த ஜெர்மன் அதிகாரிகளே முதலில் உறுப்பினர்களாக இருந்தனர். உள்ளூர்க்காரர்கள் மெல்ல மெல்லத்தான் சேர்ந்தார்கள். வென்றவர்களின் சங்கமாகத் தொடங்கிய ஒன்று அந்த மண்ணின் சங்கமாக நிலைபெற்றது எப்படி? விடை அதன் வேலைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்க்கிளையும் தன் பக்கத்து மலையைப் பொறுப்பேற்றது. பாதை வெட்டுவது, காட்சிக் கோபுரம் கட்டுவது, மழைக்கு ஒதுங்கக் குடில் போடுவது, சரியும் கோட்டைச் சுவருக்கு முட்டுக்கொடுப்பது எல்லாம் கிளையின் வேலை. இதில் ஆட்சி யாருடையது என்ற கேள்விக்கு இடம் குறைவு.

அதே காலத்தில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வேறொரு வழியில் போனார். செலஸ்தா நகரம் 1899இல் அவருக்குப் பரிசளித்த ஓ-கோனிக்ஸ்பூர்க் கோட்டையை, கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்டைக் கொண்டு 1900 முதல் 1908 வரை முழுதாக மீட்டுக் கட்டினார். அது ஆட்சியின் அடையாளமாக எழுந்த கோட்டை. சங்கம் காத்த இடிபாடுகளோ எவருக்கும் கொடி பிடிக்கவில்லை.

தொடக்கத்தில் கிளைக்கொரு குறி, கிளைக்கொரு நிறம் என்ற குழப்பம் இருந்தது. 1897இல் வோஷ் மலையின் வடக்கிலிருந்து தெற்கே செல்லும் நெடுவழிக்குச் சிவப்புச் செவ்வகம் என்ற ஒரே குறியை வோஷ் சங்கம் நிறுவியது. மூன்றாண்டு கழித்துக் கருங்காட்டுச் சங்கம், போர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை ஏறத்தாழ 285 கிலோமீட்டர் நீளும் மேற்கு வழியைச் சிவப்புச் சாய்சதுரத்தால் குறித்தது. அதன் கடைசிப் பகுதி சௌசென்பூர்க், ரோட்டெல்ன் ஆகிய இரு கோட்டை இடிபாடுகளைத் தொட்டே செல்கிறது.

இந்தக் குறியில் எழுத்து இல்லை. இதன் பொருளை அல்சாஸின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்சு, 1940இல் மீண்டும் ஜெர்மனி, போர் முடிவில் மீண்டும் பிரான்சு. ஒவ்வொரு முறையும் தெருப்பெயர் மாறியது, பள்ளிமொழி மாறியது, ஊர்ப்பலகை மாறியது. சிவப்புச் செவ்வகம் மாறவில்லை. ஜெர்மன் நீதிபதி தொடங்கிய சங்கத்தின் குறியைப் பிரெஞ்சு உறுப்பினர்கள் அப்படியே புதுப்பித்துப் பூசினார்கள். ஆட்சிகள் கைமாறிய நிலத்தில் இவ்வழிகள் தொடர்ந்ததற்கு இந்த எழுத்தில்லாக் குறியே பெருங்காரணம் என்பது என் முடிவு.

இன்னொரு காரணம் நிலவுடைமை. வோஷ் காட்டின் பெரும்பகுதி அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் சொந்தம். ஆகவே சங்கம் வனத்துறையோடு பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. தனியார் வேட்டைநிலம் நிறைந்த இங்கிலாந்தில் நிலைமை கடுமை. அங்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டில் 1932 ஏப்ரல் 24 அன்று அத்துமீறி நுழைந்து நடந்தவர்களில் சிலர் சிறைக்கே போனார்கள்.

தொழிலாளரும் மாணவரும்

தொடக்ககாலச் சங்கங்கள் அதிகாரிகள், வணிகர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் உலகம். ஆலைத் தொழிலாளிக்கு விடுதிக் கட்டணம் எட்டாது. வியன்னாவில் 1895இல் தொழிலாளர்கள் தொடங்கிய இயற்கை நண்பர்கள் இயக்கம் தனக்கென மலைக்குடில்களைக் கட்டிக்கொண்டது. வேதித் தொழில்நகரமான லுட்விக்ஸ்ஹாஃபெனில் 1902இல் பிறந்த ஃபால்ஸ் காட்டுச் சங்கம், உறுப்பினர்களே முறைவைத்து நடத்தும் குடில்களை அமைத்தது. குறைந்த விலையில் உணவும் உட்கார நீண்ட மரப்பெஞ்சும் கிடைக்கும் அந்தக் குடில்கள் இன்றும் நடக்கின்றன.

ஒரு கோட்டை இளைஞர்களுக்குத் திறந்த நிகழ்ச்சி ஜெர்மனியின் அல்டேனாவில் நடந்தது. ஆசிரியர் ரிச்சர்டு ஷிர்மன் தம் மாணவர்களை நெடுநடைக்கு அழைத்துப் போவார். 1909 ஆகஸ்டில் ஓரிரவு, புயல்மழையில் சிக்கி ஒரு கிராமப் பள்ளியில் வைக்கோல்மேல் படுத்தபோது, ஒரு நாள் நடைத்தொலைவுக்கு ஒரு தங்கிடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1912இல் அல்டேனா கோட்டைக்குள் நிலையான முதல் இளைஞர் விடுதி அமைந்தது. 1932இல் ஜெர்மனியில் அத்தகைய விடுதிகள் 2,000-ஐத் தாண்டின. மறு ஆண்டே நாஜி ஆட்சி அவற்றை ஹிட்லர் இளைஞர் படையிடம் ஒப்படைத்தது. இயற்கை நண்பர்கள் இயக்கத்தைத் தடைசெய்தது. மக்கள் தாமாகச் சேர்ந்து உருவாக்கியதை ஓர் அரசு எவ்வளவு விரைவில் விழுங்கிவிடும் என்பதற்கு இது கசப்பான சான்று.

1947-க்குப் பின்

1947இல் ழான் லுவாசோவின் முயற்சியால் பிரான்சில் நெடுநடைவழிகளுக்கான தேசியக் குழு அமைந்து, வெள்ளை-சிவப்பு இரட்டைப் பட்டையை நாடு முழுவதற்குமான குறியாக்கியது. எவரும் காட்டுக்குள் நடந்து களைப்பாறலாம் என்ற உரிமையை மேற்கு ஜெர்மனி 1975இன் வனச்சட்டத்தில் எழுதிவைத்தது. 1998இல் ஃபால்ஸ் காடும் வடவோஷும் சேர்ந்து யுனெஸ்கோவின் எல்லைதாண்டிய உயிர்க்கோளக் காப்பகமாயின. இவை அனைத்தும் தேவையான படிகளே. ஆனால் பிரெஞ்சு நடைவழி வரலாற்றை 1947இல் தொடங்கி எழுதும் பழக்கம் பிழையானது. அப்போது தெனெகூரின் முதல் பாதைக்கு வயது 105, வோஷின் சிவப்புச் செவ்வகத்துக்கு 50. தேசியக் குறி நாடெங்கும் பரவிய பிறகும் வோஷ் சங்கம் தன் பழைய குறிகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வழிகளைத் தன்னார்வலர்களைக் கொண்டே அது பேணிவருகிறது. நாட்டின் ஐந்தாம் எண் நெடுவழி வோஷ் மலைக்குள் நுழையும்போது இன்றும் சிவப்புச் செவ்வகத்தையே பின்பற்றிச் செல்கிறது.