பெயர் வைக்கும் முன் எடுத்த படம்

பாழடைந்த சிறு வீடு ஒன்று. வாசலில் யாரோ விட்டுப்போன பழைய சோபா. அதில் மூன்று இளைஞர்கள், நடுவில் இருப்பவர் கையில் கிட்டார். 1969 மே மாதக் கடைசியில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' ஆல்பத்தின் உறை இதுதான். ஃபோக்-ராக் இசையின் முகமாக ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன். மேலே அச்சிட்ட பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து முகங்களைப் பார்த்தால், நடுவில் இருப்பவரைத் தவிர யாருக்கும் பெயர் பொருந்தாது. அந்தப் பிசகில்தான் இந்தப் படம் பிறந்த கதை இருக்கிறது.

மூவருமே அப்போது வேறு வேறு குழுக்களை விட்டு வந்திருந்தவர்கள். டேவிட் கிராஸ்பி 'பேர்ட்ஸ்' குழுவில் இருந்தவர். பாப் டிலானின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலைப் பன்னிரண்டு தந்தி மின்கிட்டாரில் வாசித்து, 1965இல் அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோன குழு அது. ஃபோக்-ராக் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது அந்தப் பாட்டோடுதான். 1967இல் அந்தக் குழு கிராஸ்பியை வெளியேற்றியது. ஸ்டீபன் ஸ்டில்ஸ் இருந்த 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' 1968இல் கலைந்தது. கிரஹாம் நாஷ் இங்கிலாந்துக்காரர். 'ஹாலிஸ்' குழுவிலிருந்து அதே ஆண்டின் கடைசியில் விலகினார்.

1968 கோடையில், லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் மலைப்பகுதியில் ஒரு வீட்டில் கிராஸ்பியும் ஸ்டில்ஸும் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். நாஷ் திரும்பப் பாடச் சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டார். மூன்றாம் முறை அவரும் மேல்குரலில் சேர்ந்துகொண்டார். மூன்று குரலும் ஒன்றாகிப் போயின. அது பாடகி ஜோனி மிட்செலின் வீடு என்று நாஷும் கிராஸ்பியும் சொல்லிவந்தார்கள். இன்னொரு பாடகியான காஸ் எலியட்டின் வீடு என்று ஸ்டில்ஸ் சாதித்தார். எந்த வீடாக இருந்தாலும், அந்த மலையில் எல்லார் வீட்டுக் கதவும் எல்லாருக்கும் திறந்திருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

நாஷின் ஒப்பந்தம் எபிக் நிறுவனத்திடம் இருந்தது, ஸ்டில்ஸுடையது அட்லாண்டிக்கிடம். ஸ்டில்ஸின் பழைய தோழர் ரிச்சி ஃபியூரேயை எபிக்குக்குக் கொடுத்து நாஷை வாங்கிக்கொண்டது அட்லாண்டிக். விளையாட்டு அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது போன்ற ஒரு பேரம்.

இனி படம் எடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி டில்ட்ஸ் தொழில்முறைப் புகைப்படக்காரராக வந்தவர் இல்லை. 'மாடர்ன் ஃபோக் குவார்டெட்' குழுவில் பான்ஜோ வாசித்துப் பாடியவர். 1966இல் அந்தக் குழு கச்சேரிப் பயணம் போனபோது, மிச்சிகன் மாநிலத்தில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஒரு கேமராவை வாங்கினார். தற்செயலாக அதில் அவர் போட்டது ஸ்லைடு படச்சுருள். ஊர் திரும்பிக் கழுவி வாங்கியபோதுதான், அவற்றைச் சுவரில் பெரிதாக ஒளிபாய்ச்சிப் பார்க்கலாம் என்று தெரிந்தது. நண்பர்களைக் கூப்பிட்டு இரவில் படம் காட்டினார். அடுத்த காட்சிக்குப் புதுப் படம் வேண்டுமே! அதற்காகவே கேமராவும் கையுமாகத் திரிந்தார். அந்த நண்பர்கள்தான் பின்னால் உலகம் அறிந்த பாடகர்கள் ஆனார்கள்.

அதே ஆண்டு ரெடோண்டோ பீச்சுக்கு ஸ்டில்ஸின் குழுவோடு போனார். அங்கே ஒரு சுவரில் பெரிய ஓவியம் இருந்தது. அதைப் படமெடுக்க ஆசைப்பட்டவர், ஓவியத்தின் அளவு தெரிவதற்காகக் குழுவினரை முன்னால் நிற்கச் சொன்னார். அந்தப் படத்துக்கு ஒரு பத்திரிகை 100 டாலர் கொடுத்தது. படமெடுத்தால் பணமும் வரும் என்று அவர் கண்டது அப்போதுதான்.

அவரோடு சேர்ந்தவர் கேரி பர்டன். இவர் கட்டட வடிவமைப்பாளர். காஸ் எலியட்டின் வீட்டைப் புதுப்பிக்க வந்தவரிடம், எங்கள் ஆல்பத்துக்கு நீங்களே உறை செய்யுங்களேன் என்று காஸ் கேட்கப்போய், பர்டனின் தொழிலே மாறியது. பாட்டுக்காரர் எடுத்த படம், வீடு கட்டுகிறவர் அமைத்த உறை. இசை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு இதைச் செய்திருந்தால் மூவரையும் ஸ்டூடியோவில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருக்கும். டில்ட்ஸ் முன்னால் யாரும் முகத்தை இறுக்கிக்கொள்ளவில்லை. அவர் அவர்களில் ஒருவர்.

1969 தொடக்கத்தில், வெஸ்ட் ஹாலிவுட்டின் பாம் அவென்யூவில் இருந்த அந்தக் கைவிடப்பட்ட வீட்டின் முன்னால் படம் எடுத்தார்கள். இடப்பக்கம் நாஷ், நடுவில் ஸ்டில்ஸ், வலப்பக்கம் கிராஸ்பி. யார் எங்கே உட்கார வேண்டும் என்ற யோசனையே அப்போது இல்லை. குழுவுக்குப் பெயர் முடிவாகவில்லையே!

குழுப் பெயர் என்று ஒன்றை வைத்தால், ஆள் போனாலும் பெயர் நிற்கும், வேறு ஆளைப் போட்டு ஓட்டலாம். முந்தைய குழுக்களில் பட்ட மூவரும் இம்முறை சொந்தப் பெயரையே வைக்கத் தீர்மானித்தார்கள். எந்த வரிசை வாய்க்கு இசைவாக வருகிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்று முடிவானது. அப்போதுதான் படம் தலைகீழ் வரிசையில் இருப்பது உறைத்தது. அதனால் என்ன, போய் மறுபடி எடுத்துவிடலாம் என்று சில நாட்களில் அதே இடத்துக்குப் போனார்கள். வீட்டைக் காணோம். இடித்துத் தள்ளி, மரச்சட்டங்களைக் குவித்து வைத்திருந்தார்கள்.

எடுத்த படமே உறையானது. இடவலம் திருப்பி அச்சிட்டிருந்தால் வரிசை சரியாகியிருக்கும்; ஆனால் ஸ்டில்ஸ் இடக்கைக்காரராகத் தெரிந்திருப்பார். அப்படிச் செய்யாமல் விட்டதே நல்லது. உறையின் பின்பக்கத்தில் வீட்டுக் கதவுக் கண்ணாடி வழியாக ஒரு முகம் தெரியும். அது டிரம்ஸ் வாசித்த டாலஸ் டெய்லர். படமெடுத்தபோது அவர் அங்கே இல்லை, பிறகு சேர்த்தார்கள்.

அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஆல்பம் வந்த அதே கோடையில் நீல் யங் நான்காமவராகச் சேர்ந்தார். ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் அவர்கள் பாடியபோது விழாவின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அங்கே இருந்தவரும் டில்ட்ஸ்தான்.

இப்படி உள்ளே இருந்துகொண்டே படமெடுத்த இன்னொருவர் ஜோயல் பெர்ன்ஸ்டைன். நீல் யங்கின் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்' உறைப்படம் அவருடையது. ஜோனி மிட்செல் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் சுருதி அமைப்பை மாற்றுகிறவர். அந்த அமைப்புகளைத் தவறாமல் குறித்துக் காத்தவரும் பெர்ன்ஸ்டைன்தான். அந்தக் குறிப்பு இல்லாமல் ஒரு பாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிட்செலின் பாடல்களை அவர் வாசித்தபடி வாசிக்க முடியாது. இந்த இசையின் படங்களையும் சுவடிகளையும் நமக்குக் காப்பாற்றித் தந்தவர்கள், பாடகர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நண்பர்களே.

கிராஸ்பி 2023 ஜனவரியில் காலமானார். பர்டன் 2018இலேயே போய்விட்டார். ஆல்பத்தை இன்றும் அதே படத்தோடுதான் அச்சிடுகிறார்கள். உங்கள் கையில் கிடைத்தால் பெயர்களை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள், சரியாக இருக்கும்.