வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் வீட்டு பேட்டரிக் கழிவு

சுவர்க் கடிகாரம், டி.வி. ரிமோட், டார்ச், பொம்மை, சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, செல்போன், இன்வர்ட்டர் என வீட்டில் ஓடித் தீர்ந்த பேட்டரிகள் அனைத்தும் இந்தக் கழிவில் அடங்கும். மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாத கழிவு இது என்கிறது இந்தியச் சட்டம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. உலோக உப்புகள் மண்ணில் இறங்கினால் கிணறு என்ன ஆகும் என்பதைப் பெரும் விலை கொடுத்து அறிந்த வட்டாரம் இது.

பாலாறும் தோலும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் இந்த ஆற்றுப் படுகையில்தான் வளர்ந்தன. பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்று மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மாவட்டம் பிரிந்தாலும் நீர் ஒன்றுதான். ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு மணலாகவே கிடப்பதால், குடிக்கவும் பாசனத்துக்கும் மக்கள் நம்பியிருந்தது மணலுக்கு அடியில் ஊறும் நீரையும் கிணறுகளையும். ஓடும் ஆறு அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். நிலத்தடி நீரோ அதைப் பல பத்தாண்டுகள் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு 1970களில் கட்டுப்பாடுகள் வந்தபின், முழுதும் பதனிட்ட தோல் செய்யும் வேலை பெருகியது. குரோம் உப்பின் பயன்பாடும் அதோடு பெருகியது. அந்தத் தேவைக்காக 1975இல் இராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் தொடங்கியது. சோடியம் டைகுரோமேட்டும் தோல் பதனிடும் குரோமியம் சல்பேட்டும் அங்கே உற்பத்தியாயின. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. கழிவு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அந்தக் குவியலில் இருப்பது ஆறிணைதிற குரோமியம். தோல் பதனிடும் உப்பில் உள்ள மூவிணைதிற வகையைவிட இது கொடியது, நீரில் எளிதில் கரைந்து மஞ்சளாக வெளியேறும், புற்றுநோய் உண்டாக்கும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் இராணிப்பேட்டையும் இருந்தது.

நீதிமன்றமும் இந்த வட்டாரத்தை மையமாக வைத்தே பேசியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. கேடு முழுவதும் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தோல் ஆலைக் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடை எங்கே வைப்பது என்ற கேள்வி தீரவில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் விரிவான தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்க ஆணையிட்டது.

பேட்டரியைப் பற்றிய கட்டுரையில் இவ்வளவையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு தொழிற்சாலை கொட்டும் டன் கணக்கான கசடும், ஒரு வீடு மாதத்துக்கு வீசும் இரண்டு செல்லும் அளவில் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலைக்கு ஒரு வாயில் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, அபராதம் விதிக்க ஒரு முகவரி உண்டு. வீட்டுக் கழிவு இலட்சக்கணக்கான வாசல்களிலிருந்து வருகிறது. கலந்தபின் அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

உள்ளே இருப்பது என்ன

ரிமோட்டிலும் கடிகாரத்திலும் போடும் மலிவான செல், துத்தநாகக் கூட்டுக்குள் மாங்கனீசு டை ஆக்சைடு கரிய பொடியையும் நடுவே கரிக்குச்சியையும் கொண்டது. ஒரு காலத்தில் கிராமத்துப் பள்ளிகளில் தீர்ந்த டார்ச் செல்லை உடைத்து, அந்தப் பேட்டரி மருந்தைக் கரியோடும் கோவை இலையோடும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசினார்கள். பிள்ளைகள் வெறுங்கையால் செய்த வேலை அது. ஆல்கலைன் செல்லில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம் இருக்கிறது. கசிந்த செல்லின் வாயில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதன் எச்சமே. தோலில் பட்டால் எரியும். பழைய பொத்தான் செல்களில் பாதரசம் இருந்தது. பழைய ரீசார்ஜ் டார்ச்சுகளிலும் கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் காட்மியம் கொண்ட நிக்கல் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் பல இன்னும் பரணில் கிடக்கின்றன.

செல்போன், மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகளால் வரும் முதல் ஆபத்து தீ. நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் அழுத்தப்படும்போது இது நேரலாம். லித்தியம் பொத்தான் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். வீட்டில் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இன்வர்ட்டர் பேட்டரியின் நிலை வேறு. அதன் எடையில் பெரும்பங்கு ஈயம். ஈயத்துக்கு விலை இருப்பதால் அது தெருவில் கிடப்பதில்லை. புதியது வாங்கும்போது கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொடுப்பார். இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து முறையான உருக்காலைக்குப் போனால் நல்லது. யாரோ ஒருவர் கொல்லையில் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தத் தெருவின் குழந்தைகளுக்கு ஈயப் புழுதி சேரும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்த ஆய்வில், பல குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. ஈயம் உடலுக்குள் போகப் பல வழிகள் உண்டு. பேட்டரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இருக்கும் சுமையோடு இன்னொன்றைச் சேர்க்க இந்த ஊர்களுக்குத் தெம்பில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சட்டம்

2001ஆம் ஆண்டு பேட்டரி விதிகள் ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கட்டுப்படுத்தின. ரிமோட் செல்லுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி விதியே இல்லை. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய பேட்டரியை, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, குழல்விளக்கு ஆகியவற்றோடு வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளாட்சிகள் அதற்குச் சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்றும் கூறின.

2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளையும் உள்ளே கொண்டுவந்தன. பேட்டரியைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். புதைப்பதற்கும் எரிப்பதற்கும் இடமில்லை. மறுசுழற்சியில் மீட்க வேண்டிய பொருளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, கையடக்க பேட்டரிகளுக்கு 2026–27 முதல் 90 விழுக்காடாகிறது. பேட்டரியின்மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிச் சின்னம் இருக்க வேண்டும். பயன்படுத்துபவருக்கும் கடமை உண்டு: பழைய பேட்டரியைத் தனியே வைத்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்க வேண்டும். மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் வழக்கில் ஒலித்த கோட்பாடுதான் இந்த விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பாக வடிவம் பெற்றிருக்கிறது.

இடைவெளி இருப்பது கடைசி ஒரு கிலோமீட்டரில். ஈய பேட்டரிக்குக் காசு கிடைக்கிறது, செல்போன் பேட்டரிக்கும் ஓரளவு கிடைக்கிறது. துத்தநாகச் செல்லுக்கு ஒன்றுமில்லை. காயலான் கடைக்காரர் தொட மாட்டார், குப்பை பொறுக்குபவர் குனிய மாட்டார். வேலூர் மாநகராட்சி நெடுங்காலம் சதுப்பேரி ஏரியில் குப்பை கொட்டி, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றபின் பகுதிதோறும் உரக்கூடங்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. மக்கும் குப்பைக்கு அது நல்ல வழி. குப்பையை வீட்டிலேயே பிரித்து வருமானமாக்கும் முறையை வேலூர் சி. சீனிவாசன் இங்கே தொடங்கி நாடு முழுவதும் கொண்டுபோனதும் இந்த ஊரின் பெருமை. ஆனால் உரமாகும் குப்பையில் ஒரு காட்மியம் பேட்டரி கலந்தால் உரத்தோடு வயலுக்குப் போய்விடும்.

வெளியூராரின் சிக்கல் வேறொரு வகை. மருத்துவக் கல்லூரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகள் வாரக்கணக்கில் விடுதிகளில் தங்குகிறார்கள். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிற மாநில, பிற நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். காது கேட்கும் கருவியின் செல் தீர்ந்தால் எங்கே கொடுப்பது என்று மொழி தெரியாத ஊரில் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? விடுதி வரவேற்பறையில் ஒரு பெட்டி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் 1998 முதல் பேட்டரி விற்கும் கடையே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும். புதியது வாங்கினால்தான் பெறுவேன் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஒழுங்குமுறை, கையடக்க பேட்டரிகளில் 2027க்குள் 63 விழுக்காட்டையும் 2030க்குள் 73 விழுக்காட்டையும் சேகரிக்கச் சொல்கிறது. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மின்பொருள் கடைகள் சேகரிப்புப் பெட்டி வைக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் வேலூர்க்காரர் தீர்ந்த பேட்டரியை எங்கே போடுவது என்று தேடினால், முதலில் அதை விற்ற கடைக்குள் பார்க்கலாம்.

விற்கும் இடத்தில் விதி வைத்தால் எவ்வளவு விரைவில் பலன் கிடைக்கும் என்பதை ஆம்பூர் நேரிலேயே கண்டிருக்கிறது. 1989 முதல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக் கொல்லிக்கும், பின்னர் சில அசோ சாயங்களுக்கும் தடை விதித்தது. ஏற்றுமதி நின்றுவிடும் என்ற நிலையில், சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு இங்குள்ள ஆலைகள் வேதிப்பொருள்களை மாற்றிக்கொண்டன. உள்ளூர்க் கிணறு கெட்டபோது நகராத வேகத்தில் அது நடந்தது. வருத்தமான உண்மை, ஆனால் வழி தெரிகிறது.

பாதுகாப்பான வழி உள்நாட்டில் இல்லாமல் கழிவு கடல் கடந்த நிகழ்வும் தமிழ்நாட்டில் உண்டு. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையிலிருந்து 290 டன் பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு மறுசுழற்சிக்காக அனுப்பப்பட்டது. மக்கள் போராடியதால்தான் அதுவும் நடந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

தீர்ந்த செல்லைக் காய்ந்த பிளாஸ்டிக் டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ, குழந்தைக்கு எட்டாத இடத்தில் போட்டு வைக்கலாம். லித்தியம், பொத்தான் செல்களின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றாது. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். கசிந்த செல்லைக் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுக்கலாம். இன்வர்ட்டர் பேட்டரியை ரசீது தரும் கடையில் மட்டுமே மாற்ற வேண்டும். நூறு இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வருபவரிடம் கொடுக்கக் கூடாது. எரிப்பதும், தோட்டத்தில் புதைப்பதும், பாழ்கிணற்றில் போடுவதும் கூடவே கூடாது. தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது தனிப்பையில், வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைக் கையால் பிரிப்பவர் அவர்.

சேர்த்துவைத்த டப்பா நிறைந்ததும் உங்கள் நகராட்சி அலுவலகத்துக்கோ மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கோ போய், வீட்டு அபாயக் கழிவுக்கான சேகரிப்பு மையம் எங்கே இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பேட்டரி வாங்கும் கடையிலும் பெட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.