பட்டுத்திரையில் பிறந்த சுவரொட்டிகள்

விழா நாட்களில் நம் வீட்டுத் தாய்மார் வாசலில் உருட்டும் கோலக்குழலை அறியாதார் நம்முள் இல்லை. துளையுள்ள இடத்தில் மாவு விழும். துளையற்ற இடத்தில் விழாது. இவ்வெளிய முறையைப் பட்டுத்துணியின்மேல் ஏற்றிய கலையே பட்டுத்திரை அச்சு. ஊரிலிருந்து நமக்கு வரும் திருமண அழைப்பிதழ்களுள் பல இம்முறையில் அச்சானவையே. அதன் வரலாற்றில் நம்போன்ற சங்கத்தார்க்கு ஒரு பாடம் உண்டு.

முதலில் முறையைக் காண்போம். மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய பட்டை விறைப்பாக இழுத்துக் கட்டுவர். மை புகலாகாத கண்களைப் பசையாலோ வெட்டிய தாளாலோ அடைப்பர். சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் விளிம்புடைய கட்டையால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுப்பர். திறந்த கண்களின் வழியே மை இறங்கி உருவம் பதியும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித் திரை வேண்டும். ஒன்று உலர்ந்த பின்னரே மற்றொன்று. இம்மியளவு விலகினும் படம் கெடும். இன்று பட்டுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் வலை வந்துவிட்டது, முறை மாறவில்லை.

இக்கலைக்கு மூதாதையர் ஜப்பானியரின் துணி அச்சுக்காரர் எனலாம். அவர்கள் பதப்படுத்திய தாளில் நுண்ணிய உருவங்களை வெட்டி, வெட்டிய பகுதிகள் அசையாதிருக்கப் பட்டிழைகளைப் பொருத்தினர். பின்னர் 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் திரை அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் நெடுங்காலம் அது கடைப் பலகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் உரிய தொழிலாகவே எண்ணப்பட்டது.

அத்தொழிலுக்குப் பெருவாய்ப்பு வறுமையினால் வந்தது. பொருளாதார மந்தத்தால் அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்றபோது, 1935இல் அந்நாட்டு அரசு ஓவியர்க்கும் கூலி கொடுத்து வேலையளிக்கும் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. நியூயார்க் நகரில் முதலில் சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் தீட்டினர். அந்தோணி வெலோனிஸ் என்னும் ஓவியர், பட்டுத்திரையைப் பயன்படுத்தினால் ஒரே உருவைப் பல படிகள் எடுக்கலாம் எனக் காட்டினார். விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. சட்டமும் பட்டும் பழகிய கையும் போதும். காசநோய்த் தடுப்பு, நாடகம், நூலகம், விலங்குக்காட்சிச்சாலை என மக்கள் வாழ்வின் பல துறைகளையும் பற்றிய செய்திகள் தெருவுக்கு வந்தன. திரையின் இயல்புக்கேற்ப ஓவியரும் தெளிவான வடிவங்களையும் தட்டையான வண்ணங்களையும் கையாண்டனர். குறைந்த செலவே ஒரு புதிய அழகைப் பிறப்பித்தது.

போரின் நடுவே, 1943இல் திட்டம் முடிவுற்றது. அதற்குள் ஏறத்தாழ 35,000 உருவங்களில் 20 இலட்சம் சுவரொட்டிகள் அச்சாகியிருந்தன. ஆனால் இன்று இருப்பதாக அறியப்படுபவை சுமார் 2,000 மட்டுமே! அவற்றுள் 900க்கு மேற்பட்டவை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. மற்றவை எங்கே? ஒட்டிய சுவரோடு மழையில் கரைந்தன; விழா முடிந்ததும் கிழிக்கப்பட்டன. நாளைக்கும் வேண்டுமென்று அன்று கருதியவர் மிகச் சிலரே.

பிறர் கதை என்று இதனை நாம் தள்ளிவிடலாகாது. பிறந்த மண்ணுக்கு அப்பால் வாழும் நமக்குக் கோயிற் கல்வெட்டுகளில்லை. நாம் பொங்கல் கொண்டாடியதற்கும், நாடகம் நடித்ததற்கும், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்ததற்கும் சான்றாக நிற்பவை சில துண்டு அறிக்கைகளும் சுவரொட்டிகளுமே. அவற்றை வரைந்த கைகளுள் சில இன்று இல்லை.

ஆதலின், அன்பர்களே, வீட்டிற்குச் சென்றதும் பழைய பெட்டிகளையும் பரண்களையும் ஒருமுறை பாருங்கள். பழைய அறிக்கையோ சுவரொட்டியோ கிடைப்பின், ஆண்டைப் பின்புறம் பென்சிலால் குறித்துச் சங்கத்திடம் சேர்ப்பியுங்கள். இவ்வாண்டு விழாவின் சுவரொட்டியிலும் இரண்டு படிகளைச் சுவருக்கு அனுப்பாமல் பேணி வைப்போமாக.