வீட்டு வேதியியல் சோதனைகள் (உப்புகளும் அமிலங்களும்)

வீட்டு வேதியியல் சோதனைகள் என்பவை, ஆய்வுக்கூடக் கருவிகள் இன்றி, சமையலறையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் எளிய சோதனைகள் ஆகும். இவற்றுள் பெரும்பான்மையானவை உப்புகளுக்கும் அமிலங்களுக்கும் (காடிகளுக்கும்) இடையே நிகழும் வினைகளே. உப்பளம், கிளிஞ்சல், கருங்கல் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த கோவளம்–மாமல்லபுரம் கடற்கரை, இவ்வேதியியலை இயற்கையில் காண்பதற்கு ஏற்ற பகுதியாகும். உணவுப் பொருள்களைக் கொண்டு செய்யும்போது பெரிதும் தீங்கற்றவையான இவ்வினைகள், துப்புரவுப் பொருள்களைக் கலக்கும்போது உயிருக்கு ஊறு விளைவிக்கும் நச்சு வளிமத்தை உண்டாக்கக் கூடும்.

உப்பும் அமிலமும்

பேச்சு வழக்கில் உப்பு என்பது சமையல் உப்பையே (சோடியம் குளோரைடு) குறிக்கும். வேதியியலில், ஓர் அமிலத்தின் ஹைட்ரஜனுக்கு மாற்றாக உலோக அயனியோ அம்மோனியம் அயனியோ அமைந்த சேர்மங்கள் அனைத்தும் உப்புகள் எனப்படும். வீட்டில் காணப்படும் சில உப்புகளும் அமிலங்களும் பின்வருமாறு:

* சமையல் சோடா (ஆப்பசோடா) – சோடியம் பைகார்பனேட்டு
* சலவை சோடா – சோடியம் கார்பனேட்டு
* படிகாரம் – பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு
* எலுமிச்சைச் சாறு – சிட்ரிக் அமிலம்
* புளி – டார்டாரிக் அமிலம்
* மோர் – லாக்டிக் அமிலம்
* வினிகர் – அசிட்டிக் அமிலம்
* கழிப்பறை ஆசிட் – ஹைட்ரோகுளோரிக் அமிலம்

நாட்டு மருந்துக் கடையில் படிகாரத்துடன் ஒரே தட்டில் வைக்கப்படும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்டு) நச்சுத்தன்மை உடையது. ஆகவே, உப்பு என்ற பெயர் கொண்ட எதனையும் சுவைத்துப் பார்த்து அறிய முயலக் கூடாது.

உப்பளமும் படிகமாதலும்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றில் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்று மேல் சோடியம் குளோரைடு ஆகும். கேளம்பாக்கத்திற்கும் கோவளத்திற்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதி நெடுங்காலமாக உப்பு விளைந்த பகுதியாகும். மறைமலைநகர், வண்டலூர்ப் பகுதி மாணவர்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே இது அண்மையில் உள்ளது. பாத்திகளில் நீர் ஆவியாகும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. நீரின் பருமன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின்னரே சமையல் உப்பு விளையத் தொடங்கும். கசப்புச் சுவையுடைய மக்னீசியம் உப்புகள் இறுதிவரை கரைசலில் தங்கிவிடுகின்றன. உரிய நேரத்தில் உப்பை வாரி எடுக்காவிடில் அது கசப்பதற்கு இதுவே காரணம்.

இதனை வீட்டிலும் செய்து பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பு கரையும்; வெந்நீரிலும் இவ்வளவில் பெரிய மாற்றம் இல்லை. கரைசலை அகன்ற தட்டில் வெயிலில் வைத்தால் கனசதுரப் படிகங்கள் தோன்றும். மாறாக, படிகாரம் குளிர்ந்த நீரைவிட வெந்நீரில் பன்மடங்கு கூடுதலாகக் கரையும். எனவே, அதன் கரைசல் ஆறும்போதே எண்முகப் படிகங்கள் வளரத் தொடங்கும்.

வளிமம் வெளிவிடும் வினை

கார்பனேட்டு, பைகார்பனேட்டு உப்புகள் அமிலத்துடன் சேரும்போது கார்பன்-டை-ஆக்சைடு நுரைத்து வெளிவரும்.

சோடியம் பைகார்பனேட்டு + அசிட்டிக் அமிலம் → சோடியம் அசிட்டேட்டு + நீர் + கார்பன்-டை-ஆக்சைடு

ஒரு தேக்கரண்டி (சுமார் 5 கிராம்) சமையல் சோடா முழுவதும் வினைபுரிய 5 விழுக்காட்டு வினிகர் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் தேவைப்படும். அப்போது ஏறக்குறைய 1.4 லிட்டர் வளிமம் உண்டாகும். ஆகையால் இச்சோதனையை மூடிய புட்டியில் ஒருபோதும் செய்யக் கூடாது. அழுத்தம் மிகுந்து புட்டி வெடிக்கும். புளித்த மாவில் ஆப்பசோடா சேர்க்கும்போது ஆப்பம் மென்மையாவதும் இவ்வினையினாலேயே.

கிளிஞ்சலும் கருங்கல்லும்

கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வினிகரில் இட்டால் அதன்மீது குமிழிகள் தோன்றும். முட்டை ஓடும் இவ்வாறே ஓரிரு நாளில் கரைந்து, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு மட்டும் எஞ்சும். வீதியோரக் கருங்கல் சில்லு ஒன்றை வினிகரில் இட்டால் குமிழி எழுவதில்லை. அதிலுள்ள குவார்ட்சு, பெல்சுபார் ஆகியவை சிலிக்கா சார்ந்த கனிமங்களாதலால் மென்மையான அமிலத்துடன் வினைபுரிவதில்லை.

மாமல்லபுரச் சின்னங்களும் இத்தகைய கடினப் பாறையில் அமைந்தவையே. ஆயினும் கடற்காற்றிலுள்ள உப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து, உலர்ந்து படிகமாகும்போது கல்லைச் சிறிது சிறிதாக உதிர்க்கிறது. கடற்கரைக் கோயிலின் சுவர்களில் ஈரக் காகிதக்கூழைப் பூசி, உலர்ந்தபின் உரித்தெடுத்து, உப்பை நீக்கும் முறையை இந்தியத் தொல்லியல் துறை கையாண்டு வந்துள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின்மீது எவ்விதச் சோதனையும் செய்யக் கூடாது.

மஞ்சள் என்னும் நிறங்காட்டி

மஞ்சள்தூளில் உள்ள குர்க்குமின் அமிலத்தில் மஞ்சளாகவும், காரத்தில் செந்நிறமாகவும் தோன்றும். ஆரத்தி எடுப்பதற்காக மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் அது சிவப்பது இதனாலேயே. அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் பெறும். வெற்றிலைச் சுண்ணாம்பு வலிமையான காரமாதலால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சிறுவர் கைக்கு எட்டாதவாறு அதனை வைத்தல் வேண்டும்.

புளியும் பித்தளையும்

பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளியும் உப்பும் சேர்த்துத் துலக்கும் வழக்கம் தொன்மையானது. கருத்த ஆக்சைடு படலத்தைப் புளியின் அமிலம் கரைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனி அதனை விரைவுபடுத்துகிறது. துலக்கிய நீரில் தூய இரும்பு ஆணியைச் சில மணிநேரம் இட்டு வைத்தால் அதன்மீது செந்நிறச் செம்புப் படலம் படியும். அந்நீரில் செம்பு கரைந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று. பூச்சு இல்லாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்பதும், அவற்றிற்கு ஈயம் பூசும் வழக்கம் (பூசப்படுவது வெள்ளீயம்) ஏற்பட்டதும் இக்காரணம் பற்றியே.

கலக்கக் கூடாதவை

பிளீச்சிங் பவுடரும் திரவ பிளீச்சும் ஹைப்போகுளோரைட்டு உப்புகளைக் கொண்டவை. இவற்றுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வளிமம் வெளிவரும்.

சோடியம் ஹைப்போகுளோரைட்டு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → சோடியம் குளோரைடு + நீர் + குளோரின்

எஞ்சுவது சமையல் உப்பும் நீரும். வெளியேறுவது 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வளிமம். கறை நன்கு நீங்கும் என்று எண்ணிக் கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றுவோர் இச்சோதனையைத் தம்மை அறியாமலே செய்கின்றனர். வினிகர், எலுமிச்சை போன்ற மென்மையான அமிலங்களும் பிளீச்சிலிருந்து குளோரினை வெளியேற்றக் கூடியவை. அம்மோனியா உள்ள துப்புரவு நீர்மத்துடன் பிளீச்சு சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரமீன்கள் உண்டாகும்.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. எனவே காற்றோட்டமற்ற சிறிய அறைகளில் தரையை ஒட்டித் தேங்கும். குனிந்து தேய்ப்பவரையே முதலில் தாக்கும்.

முதலுதவி

* மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால், கலவையைக் கழுவ முற்படாமல் உடனே திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும்.
* கண்ணிலோ தோலிலோ அமிலம் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். சமையல் சோடாவைத் தூவி அமிலத்தை நடுநிலையாக்க முயலக் கூடாது.
* அமிலத்தை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது.
* குளோரினைச் சுவாசித்தவருக்குச் சில மணிநேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். ஆகவே நலமாகத் தோன்றினாலும் மருத்துவரை அணுகுவது இன்றியமையாதது. அவசர ஊர்தி எண் 108.

சட்டக் கட்டுப்பாடு

லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் 2013 சூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அமிலச் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. அதன்படி விற்பனையாளர் பதிவேடு வைத்தல் வேண்டும். வாங்குவோர் ஒளிப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயது நிறையாதோருக்கு அமிலம் விற்கக் கூடாது. ஆகவே அடர் அமிலம் தேவைப்படும் உப்புப் பகுப்பாய்வு போன்ற மேல்நிலை வகுப்புச் சோதனைகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் மட்டுமே செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* உப்பளம்
* கார்பன்-டை-ஆக்சைடு
* குளோரின்
* மாமல்லபுரம்