புழுங்கலரிசியும் நோய்க் கணக்கும்

திரிங்காப் மலையில் கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடை குறைந்துவிட்டால், காரணம் கூற ஒவ்வொருவரும் முன்வருவர். மழையில்லை என்பார் ஒருவர். கொழுந்து முற்றிவிட்டது என்பார் இன்னொருவர். ஆள் போதவில்லை என்பார் கிராணி. எடை குறைந்தது உண்மை. எதனால் என்பதைத் தராசு சொல்வதில்லை. நோய்க் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. அதனை அவிழ்த்த ஆய்வுகளுள் சிறந்த ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மாண்டோர் பலர். அவர்களுள் சீனத் தொழிலாளரே மிகுதி. தமிழர் மிகச் சிலர். இன வேறுபாடே காரணம் என்று எண்ண இடமிருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடனோ சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

ஆயினும் இரு சாராரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டனர்? உறைவிடம், வேலை, கறிவகை யாவும் வேறு. இந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினருக்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவு ஒன்றே. பின்னர் வந்து சேர்ந்தவர்களையும் இவ்வாறே பிரித்தார். குறை கட்டடத்தில் இருக்குமோ என்று இரு பிரிவினரின் விடுதிகளையும் இடையில் மாற்றினார்.

பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய், இறப்பில்லை. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வந்தபோதே நோயுடன் வந்தவர்கள். மாணவர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இரண்டு என்று மட்டும் எழுதியிருந்தால், புழுங்கலரிசி உண்டாலும் இந்நோய் வருமென்று படிப்பவர் மயங்கியிருப்பர். அனைவருக்கும் புழுங்கலரிசியே தந்து நோய் குறைந்திருந்தால், பருவம் மாறியதால் குறைந்தது என்று வாதிட்டிருப்பர். அருகில் ஒப்பிட இன்னொரு பிரிவு இருந்தமையால் அவ்வாதங்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்தப் பிரிவில்தான் பதினெட்டு உயிர்கள் போயின. உடன்பாடு சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்கள் அவர்கள். ஆய்வைப் போற்றும்போது இதனை மறைத்துப் பாடம் நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்தில் சாலைவேலை செய்த சாவகத் தொழிலாளரிடையே இன்னும் ஒரு படி சென்றனர். பச்சரிசிப் பிரிவில் நோய் தோன்றியதும் இரு பிரிவுகளின் அரிசியையும் மாற்றினர். நோயும் அரிசியைத் தொடர்ந்தே சென்றது.

பிராடன் அரிசியில் நஞ்சு இருப்பதாகக் கருதினார். அது பிழை. தவிட்டோடு போய்விடும் தயமின் என்னும் சத்து 1926இல் சாவகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை.