மானிப்பாயில் தமிழ் பேசிய உடற்கூறு

நோயாளியின் உடல்மீதே இரத்தக் குழாய்களின் கணினிப் படத்தைப் படியவைத்து, கத்தி செல்லவேண்டிய வழியைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டும் இன்றைய மிகைமெய் நுட்பத்துக்கு முன்னோடி, உடற்கூற்றுப் படமே ஆகும். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலில், ஓவியர் கார்ட்டர் நாடிகளின் பெயர்களை ஓரத்தில் ஒதுக்காமல் அந்நாடிகளின் மேலேயே பொறித்தார்; பார்ப்பவர் கண் படத்தைவிட்டு விலக வேண்டியிருக்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், அந்நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இல் தமிழாக்கினார்; சத்திரசிகிச்சையை விளக்கும் ‘இரண வைத்தியம்’ அதற்கு முன்பே வந்துவிட்டது. மதம் பரப்ப வந்த மிஷனின் பணிகளுள் (இதில் கருத்து வேறுபடுவோர் இருக்கலாம்) நிலைத்த பயன் தந்தவை இம்மருத்துவ நூல்களே.